புத்தாண்டுக்கு ஒரு விருந்தாளி

மகுண்டுச்சி, சான்சிபார்
2 ஜூன் 1996

அன்புள்ள மிஸாவுக்கு,

மக்காமே சலாம் கூறி எழுதுவது. நான் நலம். நீயும் சுபிரா அக்காவும் நலமாக இருக்கவும், டாங்காவில் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் குறையாமல் இருக்கவும் துஆ செய்கிறேன்.

நீ வீட்டை விட்டுப் போய், வருகிற ஜூலைப் புத்தாண்டோடு மூன்று வருஷம் ஆகிறது. யார் முதலில் எழுதுவது என்று இருவருமே வீம்பாக இருந்தோம். நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டு அன்று விருந்தாளி வராத வீட்டுக்கு அந்த வருஷம் உருப்படாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் பேய்க்கணவாய் வாங்கித் தேங்காய்ப்பாலில் சமைத்து, வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். தேங்காய்த் துருவியை நீ எடுத்துப் போய்விட்டதால் கத்தியால் சுரண்டினேன். விரலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். சாயங்காலம் வரை ஒருவர்கூட வரவில்லை. கடைசியில் உன் தம்பி உஸியின் ஆடு வந்து சோற்றில் வாய் வைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டான்: "மச்சான், ஆடு வந்தா விருந்தாளி வந்த மாதிரிதானே?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த வருஷம் கிணற்றில் உப்பு ஏறியது, மாமரம் ஒரு பிஞ்சுகூட விடவில்லை.

ஆகவே இந்த வருஷம் நீ வா. விடுமுறைக்கு வருவதாக நினைத்துக்கொள். விருந்தாளியாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ, போதும்.

இப்படிக்கு,
மக்காமே

*

டாங்கா
13 ஜூன் 1996

மரியாதைக்குரிய சுற்றுலா வழிகாட்டி மக்காமே அவர்களுக்கு,

சலாம். கடிதம் கிடைத்தது. உஸியின் ஆட்டுக்கு வயிற்று வலி ஒன்றும் வரவில்லையே?

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறீர்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று ஒரு வரி இல்லை. விருந்தாளி இல்லை, அதனால் வா. கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ஆடு வரலைன்னா உன் ஞாபகமே வந்திருக்காதுடி அந்த மனுஷனுக்கு" என்றாள்.

நான் எதற்காகப் போனேன் என்று நினைவிருக்கிறதா? இருபது வருஷமாக நீங்கள் வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டையைக் காட்டினீர்கள், சுல்தான் மாளிகையைக் காட்டினீர்கள், படகில் ஏற்றிச் சாங்கூ தீவின் ராட்சத ஆமைகளைக் காட்டினீர்கள். நான் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம் போலாம், மிஸா." சான்சிபாரிலேயே பிறந்த நான் இன்னும் அந்த ஆமையைப் பார்த்ததில்லை.

விடுமுறை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நல்லது. ஜெர்மனிக்காரிகளுக்கு எழுதுவது போல எனக்கும் ஒரு பயணத் திட்டம் எழுதி அனுப்புங்கள். பிடித்திருந்தால் யோசிக்கிறேன்.

மிஸா,
சுபிராவின் தங்கை

*

மகுண்டுச்சி
21 ஜூன் 1996

அன்புள்ள மிஸாவுக்கு,

சலாம். நீ எப்படி இருக்கிறாய்? எழுதிவிட்டேன், அக்காவிடம் காட்டு.

திட்டம் இது. வியாழக்கிழமைக் கப்பலில் வருகிறாய். துறைமுகத்தில் நான் நிற்பேன், பெயர் எழுதிய அட்டையோடு. வெள்ளிக்கிழமை கோட்டை. போர்த்துக்கீசியர் கோயில் கட்டி வைத்திருந்த இடத்தில் ஓமான்காரர்கள் கட்டியது. அதன் மதில்மேல் சாய்ந்துகொண்டு வெள்ளைக்காரிகள் படம் எடுப்பார்கள், நீயும் எடுத்துக்கொள். சாயங்காலம் கடற்கரைத் தோட்டத்தில் புளிப்பு மாங்காய் போட்ட உரோஜோ சூப். அதை மூன்று கிண்ணம் குடித்த ஒரு பெண்ணை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

சனிக்கிழமை சாங்கூ தீவு. அங்கே சிறைச்சாலை கட்டினார்கள், ஒரு கைதியைக்கூட அடைக்கவில்லை; நோயாளிகளைத்தான் வைத்தார்கள். ஆமைகளுக்குக் கீரை கொடுக்கலாம். மேலே உட்காரக் கூடாது, சொல்லிவிட்டேன். ஞாயிறு கிஸிம்காஸி பள்ளிவாசல். எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக் கல்வெட்டு. நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரம், அதற்கே உன்னை நான் கூட்டிப்போனதில்லை என்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்புறம் புத்தாண்டு, என் சமையல்.

இந்தத் திட்டத்துக்கு வெளிநாட்டாரிடம் கைநிறைய வாங்குவேன். உனக்கு இலவசம்.

மக்காமே

*

டாங்கா
30 ஜூன் 1996

மக்காமே அவர்களுக்கு,

சலாம். திட்டம் நன்றாக இருக்கிறது. உரோஜோ மூன்று கிண்ணம் இல்லை, நான்கு.

ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். புத்தாண்டு மைதானத்தில் பெண்கள் பாடும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

ஆண்கள் உங்களுக்குச் சௌகரியம். வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த கோபத்தை வாழை மட்டையால் அடித்துத் தீர்த்துக்கொள்கிறீர்கள், பொழுது சாய்ந்தால் தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பிடப் போகிறீர்கள். எங்களுக்கு இருப்பது பாட்டு ஒன்றுதான். நான் வீட்டை விட்டுப் போன அந்த வருஷம் பாடினேன்:

ஊருக்கெல்லாம் கோட்டை காட்டுவான்,
வீட்டுக்காரிக்கு அடுப்பைக் காட்டுவான்!
ஆமைகூடத் தீவைப் பார்த்தாச்சு,
அவன் பொண்டாட்டி இன்னும் பார்க்கலை!

மைதானமே உங்களைத் தேடியது. "எங்கேம்மா உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டார்கள். நீங்கள் கடைவாசலில் பாவோ பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருந்தீர்களாம். யாரைப் பார்த்துப் பாடினேனோ அவர் இல்லை. பாட்டு வீணாயிற்று, கோபம் அப்படியே தங்கிவிட்டது. ஆமை பார்க்காததற்காக நான் போகவில்லை. நீங்கள் அங்கே நிற்காததற்காகத்தான் போனேன்.

மறுபடியும் பாடுவேன். முன்வரிசையில் நின்று கேட்பீர்களா?

மிஸா

*

மகுண்டுச்சி
7 ஜூலை 1996

என் மிஸாவுக்கு,

சலாம். இதை எழுத மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

அந்தப் பாட்டை நான் கேட்டேன். நீங்கள் எல்லாரும் கிணற்றடியில் பாடிப் பழகினீர்களே, அப்போதே வேலிக்குப் பின்னால் நின்று முழுசாகக் கேட்டேன். வாழை மட்டைக்கு நான் பயந்தவன் இல்லை. உஸி போட்ட அடியில் ஒரு வாரம் தோளைத் தூக்க முடியாமல் இருந்திருக்கிறேன், சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த நான்கு வரிக்குப் பயந்துபோனேன், மிஸா. அத்தனையும் உண்மை. ஊர் முன்னால் நின்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் பாவோ ஆடப் போனேன். ஒன்பது வயதுப் பொடியனிடம் மூன்று ஆட்டம் தோற்றேன். அவனே கேட்டான், "மாமா, உடம்பு சரியில்லையா?"

நீ கப்பல் ஏறிய பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவோதான் காரணம் என்று ஊர் நினைத்தது, அப்படியே விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

நிற்பேன். முன்வரிசையில், வெயிலில், குடை இல்லாமல். வேண்டுமானால் பாட்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள். அந்த வாரம் வேறு யாரையும் சுற்றிக் காட்ட மாட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். ஆமைகளுக்கு உன்னைத் தவிர விருந்தாளி இல்லை.

நீ வருவாயா? விருந்தாளியாக வந்தாலே எனக்குப் போதும்.

மக்காமே

*

டாங்கா
13 ஜூலை 1996

என் மக்காமேவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "பொடியன்கிட்ட மூணு ஆட்டமா!" என்று அப்பத்தைக் கருகவிட்டாள். நான் சிரித்தேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். இதை எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. விருந்தாளியாக என்னால் வர முடியாது. விருந்தாளி என்றால் வெளியிலிருந்து வர வேண்டும். வீட்டுக்காரி எப்படி விருந்தாளி ஆவாள்? நான் வந்து உட்கார்ந்தால் இந்த வருஷமும் உங்கள் வீட்டுக்கு யாரும் வராத கதைதான்.

அதனால் சுபிரா அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். விருந்தாளி அவள். நிறையச் சாப்பிடுவாள், குறையும் சொல்வாள், தயாராக இருங்கள். பேய்க்கணவாயை வாங்கி மட்டும் வையுங்கள். சமைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமைக் கப்பல். அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். சனிக்கிழமை ஆமை. பாட்டில் இரண்டு வரி சேர்த்துவிட்டேன், என்னவென்று சொல்ல மாட்டேன்.

பை ஒன்று கனமாக இருக்கும், நீங்கள்தான் தூக்க வேண்டும். தேங்காய்த் துருவி அதில் இருக்கிறது.

உங்கள்
மிஸா