காப்பித்தூளுக்குப் பக்கத்தில் கருவாடு

ஜூலை 7, திங்கள்

வெயில். காற்று துளி இல்லை. நேமத்தான்பட்டியில் ஒரு சிம்னி புகார்: புகையை இழுக்கவே இல்லையாம். போய்ப் பார்த்தால் ஃபில்டரில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. வாங்கி எட்டு மாதம். முன்னால் பளபளவென்று புது அடுப்படி, அதில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பிள்ளையாரும் மட்டும். சமையல் எல்லாம் பின்கட்டில், விறகில். "அதுல தாளிச்சா கறையாயிரும்ல தம்பி" என்கிறார் அந்த அம்மா. தாளை உரித்துவிட்டேன். முகம் சுருங்கிப் போய்விட்டது.

சாயங்காலம் கோட்டையூர். வீட்டில் காப்பி போடப் போனால் தூள் டப்பா இடத்தில் இல்லை. கீழ்த்தட்டில் இருந்தது, கருவாட்டு டப்பாவை ஒட்டி. கருவாட்டு மூடி பாதிதான் மூடியிருந்தது. காப்பித்தூள் முழுக்க நெத்திலி வாடை.

அம்மா செய்கிற வேலை இல்லை இது. கருவாட்டை அடுப்படிக்குள்ளேயே விடமாட்டாள். பின்வாசல் மாடம்தான் அதற்கு இடம், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து.

அப்படியென்றால் கௌசல்யா. எங்களுக்குக் கல்யாணமாகி நாலரை மாதம்.

"யாரு இதை இங்க வச்சது?" என்று கௌசியைப் பார்த்துக் கேட்டேன்.

"நாந்தான்ப்பா. மறதி" என்றாள் அம்மா.

கேட்டது ஒருத்தியிடம். பதில் வந்தது இன்னொருத்தியிடமிருந்து. கௌசி தலை நிமிராமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

காப்பித்தூள் குப்பையில்.

ஜூலை 8, செவ்வாய்

3 சர்வீஸ் கால். பைக் பின் டயர் தேய்ந்துவிட்டது.

இவள் வந்தபின் அடுப்படியில் மாறியவை:

ஹால் கடிகாரம் அடுப்புக்கு மேலே போய்விட்டது. மணி பார்க்க நான் அடுப்படிக்குப் போகிறேன்.

அஞ்சறைப்பெட்டி பரணில். அதற்குப் பதிலாகக் கண்ணாடி பாட்டில்கள். கண்ணாடியில் வைத்தால் வெளிச்சம் பட்டு மணம் போய்விடும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவள் அம்மா.

பால், தயிர், மாவு, எல்லாவற்றிலும் தேதி எழுதிய காகிதம். கௌசி கையெழுத்து. ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு மாதிரி.

சன்னல் எந்நேரமும் திறந்தே. பூனை வருகிறது.

சிலிண்டர் ரெகுலேட்டர் எப்போதும் ஆஃப். பாத்திரம் இறக்கிய அடுத்த நொடி கௌசி குனிந்து அணைத்துவிடுகிறாள். நான் அடுப்பு சர்வீஸ் செய்கிறவன். எனக்கே பாடமா?

தேவகோட்டையிலிருந்து அக்கா போன். சொன்னேன். "இதுக்குப் பேரு என்னன்னு தெரியுமாடா? அம்மாகிட்ட இருந்து அடுப்படியப் புடுங்குறா. மொதல்ல டப்பா எடம் மாறும், அப்புறம் ஆளு எடம் மாறும்."

அக்கா சொல்வதில் பாதிதான் நம்புவேன். இந்தத் தடவை முக்கால்.

சும்மா ஒரு அடுப்படி என்றால் விட்டுவிடலாம். அப்பா போனபின் அம்மா குழம்புப் பொடி வறுத்து விற்றுத்தான் என் டிப்ளமோ. அந்தக் கல்லிலும் வாணலியிலும்தான் இந்த வீடு நின்றது.

ஜூலை 10, வியாழன்

பெரிய வீட்டு ஆச்சி நேரிலேயே வந்துவிட்டார், கையில் நம் பொடிப் பொட்டலம். நான் உள்ளறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னத்தா மீனா, இத்தனை வருசமா உன் பொடியத்தான் திங்கிறோம். இந்தத் தடவை மல்லி காந்திப் போச்சே. எங்க வீட்டு நாய்கூட முகத்தைத் திருப்பிக்கிருச்சு."

ஆச்சி விடவில்லை.

"மருமகள வறுக்க விட்டியாக்கும்?"

"ஆமா ஆச்சி, நாந்தான் வறுத்தேன்" என்றாள் கௌசி. "அடுத்த தடவை அத்தையே வறுப்பாக."

"ஆவணியில பேத்தி கல்யாணம். நாப்பது கிலோ உன்கிட்டதான்னு சொல்லி வச்சிருந்தேன். இன்னொரு அரைக் கிலோ வறுத்துக் கொண்டாந்து காட்டு. பாத்துட்டுச் சொல்றேன்."

ஆச்சி போனபின் அம்மா பொட்டலத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்துவிட்டது. ஆச்சி வேண்டாம் என்றால் கோட்டையூரில் பத்து வீடு வேண்டாம் என்னும். அம்மா கை முடங்கும்.

ஜூலை 12, சனி

நேற்று அலமாரியைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு பாட்டிலுக்குக் கீழேயும் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். இன்று காலை: சீரகம், சோம்பு இடம் மாறவில்லை. பெருங்காயம் ஒரு சாண் உள்ளே. கருவாடு பழையபடி பின்வாசல் மாடத்துக்கு. யார் என்பதுதான் தெரியவில்லை.

மதியம் இருவரும் வீட்டில் இல்லை. மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"எங்க போனீக?"

"கோயிலுக்கு" என்றாள் அம்மா.

நெற்றியில் விபூதி இல்லை, குங்குமம் இல்லை. பூ இல்லை. கௌசி கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. கேட்டால் ஒன்று சொல்வார்கள், அதற்கும் ஒரு பொய் தயாராக இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

விடுமுறை. ஆச்சிக்கான மாதிரிப் பொடி வறுத்தார்கள். கதவு ஒருக்களித்து. இடுக்கில் பார்த்தேன். வாணலிக்கு முன்னால் அம்மா. கௌசி குனிந்து, முகம் வாணலிக்கு மேலே.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் அத்தை."

"இப்ப?"

"ம்ம்... இன்னும்."

"நிறம் வந்துருச்சேத்தா."

"நிறத்தப் பாக்காதீக. இப்ப, இப்ப இறக்குங்க!"

அம்மா பதறி இறக்கினாள். என்னைப் பெற்றவள், மல்லி வறுப்பதில் ஊருக்கே வாத்தியார், நேற்று வந்தவளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிறாள். தாங்கவில்லை. கதவைத் தள்ளினேன்.

"எங்கம்மா அடுப்படிய எங்கம்மாகிட்ட விட்டுரு. பொடியக் கெடுத்தது போதும்."

"டே, வாய மூடுடா!" அம்மா கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"அத்தை, விடுங்க" என்றாள் கௌசி. என்னைப் பார்த்து, "சரி" என்றாள். அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இந்தச் 'சரி' சரியில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

காற்று ஆரம்பம். தெருவெல்லாம் புழுதி.

கௌசியை ஆடிக்கு அழைத்துப்போக நாட்டரசன்கோட்டையிலிருந்து மாமனார் வந்தார். சீர்த் தட்டு, பழம், எனக்கு ஒரு சட்டை (சைஸ் பெரியது). புதுப் பெண் ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில் இருப்பது வழக்கம். ஊரில் ஒருத்தரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அதுதான் சிக்கல். வழக்கத்துக்குப் போகிறாளா, கோபித்துக்கொண்டு போகிறாளா, பார்த்தால் தெரியாது.

பெட்டியில் சேலைகளோடு காலேஜ் சர்டிபிகேட் ஃபைலும். ஒரு மாதத்துக்குப் போகிறவளுக்கு சர்டிபிகேட் எதற்கு?

போகும்போது அம்மா காதில் ஏதோ நிறையச் சொன்னாள். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். என்னிடம், "சாப்பிடுங்க" மட்டும்.

ஆச்சி சொல்லியனுப்பியிருக்கிறார்: மாதிரிப் பொடி பிரமாதமாம், நாற்பது கிலோ உறுதி. அம்மா வறுத்தால் இப்படி. நான் சொன்னது சரியாகிவிட்டது. அம்மா ஏன் சந்தோஷப்படவில்லை?

ஜூலை 19, சனி

அம்மா மல்லி மூட்டையைத் தொடவே இல்லை. நேற்று கேட்டால் ஆடி வெள்ளியாம். இன்று கேட்டால் இடுப்பு வலியாம். நாற்பது கிலோ.

இரவுச் சாப்பாட்டுக்கு ரசம். ஊசிப்போன பழைய ரசம். "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்று ஊற்றிக்கொண்டாள். இனி அம்மா மேலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

12.40. சாப்பிட வந்தேன். கேட்டிலேயே கேஸ் வாடை. வீடு முழுக்க அடைப்பு. புழுதிக் காற்றுக்குச் சன்னலைச் சாத்தியிருக்கிறாள். அடுப்படித் தரையில் அம்மா, பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம் ஒரு முறம். எழுந்து அடுப்புக்குப் போகிறாள். கையில் தீப்பெட்டி.

கத்தினேனா தெரியாது. தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். குச்சி எல்லாம் சிதறின. ரெகுலேட்டரை மூடி, அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் உட்காரவைத்து, கதவு சன்னல் எல்லாம் திறந்து, மெயின் சுவிட்சைத் தொடாமல், பக்கத்து வீட்டாரிடம் தீ பற்றவைக்காதீர்கள் என்று சொல்லி...

காற்று அடித்து அடுப்பு அணைந்திருக்கிறது. அதற்கு அப்புறம்தான் சன்னலைச் சாத்தியிருக்கிறாள். குமிழ் திறந்தபடியே.

"கேஸ் வாடை தெரியலையா உனக்கு?"

"எந்த வாடைப்பா?" என்றாள்.

என்னை ஏமாற்றுகிற முகம் இல்லை அது.

வீடு அடங்கியபின் அவளைக் கண்ணை மூடச் சொல்லி மூக்குக்கு நேரே மூன்று நீட்டினேன். பெருங்காயம். டெட்டால். நெத்திலிக் கருவாடு. மூன்றுக்கும் கொஞ்சம் யோசித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, "மல்லி" என்றாள்.

அப்புறம் அழுதாள்.

"தை மாசம் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போயிருச்சுப்பா. வந்துரும் வந்துரும்னு பாத்தேன். மூக்கு செத்த பொம்பளைகிட்ட யாரு பொடி வாங்குவாக? கௌசி வந்த ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சுட்டா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சர்வீஸ்காரன். தெரிஞ்சா மொத வேலையா என் அடுப்பப் பூட்டுவே."

பூட்டியிருப்பேன்தான்.

ஜூலை 22, செவ்வாய்

லீவு. கேஸ் கசிவு அலாரம் மாட்டினேன், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கேஸ் கீழேதான் தங்கும். சிகரெட் லைட்டரின் கேஸைக் காட்டிச் சோதித்தேன். வீறிட்டது. "ஆத்தாடி, இதுவும் மூக்காடா? சளி புடிச்ச மூக்கு போல" என்று அம்மா சிரித்தாள். நேற்றைக்குப் பின் முதல் சிரிப்பு.

கருவாடு: அம்மாவே வைத்தது, வாடை தெரியாமல். கடிகாரம்: வறுப்பதற்கு நிமிஷக் கணக்கு. பாட்டில்: பொடியைக் கண்ணால் பார்த்து எடுக்க. தேதிக் காகிதம்: கெட்டுப்போனதா என்று அறிய. சன்னல், ரெகுலேட்டர்: நேற்று நடந்தது நடக்காமல் இருக்க. 'கோயில்': காரைக்குடியில் மூக்கு டாக்டர். கௌசி பிறந்த வீட்டுக்குப் போயிருந்த நாளில் அம்மா தனியாக வறுத்ததுதான் அந்தக் காந்தின மல்லி. கௌசி தன் தலையில் போட்டுக்கொண்டாள், ஆச்சியிடமும் என்னிடமும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் சரியாகப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூடக் காரணம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு மிக்ஸியை இப்படிப் பார்த்திருந்தால் வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள்.

போன் செய்தேன். 4 தடவை. எடுக்கவில்லை.

ஜூலை 23, புதன்

நாட்டரசன்கோட்டை. வழியெல்லாம் எதிர்க்காற்று. கண்ணில் மண்.

மாமியார் வாசலுக்கே ஓடிவந்தார். "ஆடியில மாப்பிள்ள தனியா வந்து நிக்கிறீக! வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

கௌசி கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரிஞ்சுபோச்சு. அம்மா சொல்லிருச்சு" என்றேன்.

பிழிவது நின்றது. "அத்தையா சொன்னாக? ஏன், கேஸ் எதுவும் ஆயிருச்சா?"

நடந்ததைச் சொன்னேன். ஈரத் துணியோடு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சன்னலச் சாத்தாதீகன்னு அத்தனை தடவை சொல்லிட்டு வந்தேனே" என்றாள். என்னிடம் இல்லை, துணியிடம்.

மன்னிப்புக் கேட்டேன். மோசமாகக் கேட்டேன், எனக்கு வராது.

"உங்க அக்காகிட்ட என்னையப் பத்தி என்ன சொன்னீக?"

"நீ அடுப்படியப் புடுங்குறேன்னு."

"இப்பவே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. தப்பு உங்க மேலன்னு சொல்லுங்க. அத்தை விசயம் வாயில வரக் கூடாது."

"காரணம் சொல்லாம எப்படி?"

"நான் அப்படித்தான இருந்தேன், நாலு மாசமா?"

போட்டேன். அக்கா எடுத்தாள். சொன்னேன்.

"என்னடா திடீர்னு? அழுதாளா? மிரட்டுனாளா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"நான் சரியாப் பாக்கல."

"அதான் ஏன்னு கேக்குறேன்!"

காரணத்தை விழுங்கினேன். "தப்பு என்னோடது அக்கா. அவ்வளவுதான்."

"நல்லா முந்தானையில முடிஞ்சு வச்சுட்டா உன்னைய" என்று வைத்துவிட்டாள். எனக்குக் காது சுட்டது. கௌசி துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"இன்னைக்கே கிளம்பலாமா?" என்றேன்.

"ஆடியில எப்படி வாரது? ஊரு என்ன பேசும், எங்கம்மா என்ன நினைப்பாக?"

"நாப்பது கிலோ? அம்மாவால தனியா வறுக்க முடியாது. ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள்..."

"தெரியும். அத்தையக் கூட்டிட்டு வாங்க. மல்லி மிளகாயோட. இங்க வச்சு வறுத்துருவோம்."

"இங்கயா? உங்க அம்மா அடுப்படியிலயா?"

"எங்கம்மாவுக்கும் மூக்கு விசயம் தெரியக் கூடாது. ஒண்ணும் கேக்காம மூட்டைய இறக்கிட்டு, நீங்க பாட்டுக்குப் போயிருங்க. அடுப்படிப் பக்கம் வராதீக."

மாமியார் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "சம்பந்தி எதுக்குடி இங்குட்டு வந்து வறுக்கணும்? அவுக வீட்ல அடுப்பு இல்லையா?"

"இங்க காத்து நல்லா வருதும்மா."

"காத்தா?" மாமியார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போனார். டப்பாக்களை இறக்கி மேல்தட்டில் ஏற்றுகிற சத்தம், வெகுநேரம்.

நாளை மறுநாளுக்குக் குட்டியானை வண்டி சொல்ல வேண்டும். ஏற்ற வேண்டியவை: மல்லி மூட்டை 2, மிளகாய் 1, பெரிய வாணலி, அம்மா.