ஊமைத் தந்தி

இரண்டாம் மாதம், பத்தாம் நாள்

இன்று என்னை மண்டபத்திலிருந்து முற்றத்துக்குத் தள்ளினார்கள். பதினோரு வருடம் உள்ளே உட்கார்ந்து வாசித்தவன், இனி முரசுக்காரர்களோடு வெயிலில் நின்று வாசிக்க வேண்டும்.

தள்ளியவன் வந்தக். சமர்கந்து ஒட்டகக்காரனின் மகன், இன்று சீனப் பேரரசரின் யாழ்க்குழுவுக்குத் தலைவன். என் முப்பாட்டனார் பாரசீக மன்னரின் வலப்பக்கம் உட்கார்ந்து மீட்டியவர். இதையெல்லாம் இங்கே யாரிடம் சொல்வது?

பத்து நாளைக்கு ஒரு முறை எங்களுக்கு வெளியே போக விடுப்பு. இன்று விடுப்பு நாள். விடிந்ததுமே செய்தி ஒளித்த தந்தியை யாழில் பூட்டிவிட்டேன். திடீரென்று வந்தக் எல்லோரையும் வாசித்துக் காட்டச் சொன்னான். மாற்ற நேரமில்லை. நான்கு முறை மீட்டியிருப்பேன், கையைத் தூக்கினான்.

"நாலாவது தந்தி செத்துக் கெடக்கு. இனிமே பீரான் முத்தத்துலயே நிக்கட்டும்."

செத்துத்தான் கிடந்தது. எழுதிய பட்டுக் கீற்றை நடுவில் வைத்து, மேலே நூலை முறுக்கினால் எந்தத் தந்தி பாடும்? வாசல் காவலர்கள் சட்டைக் கையைப் பார்ப்பார்கள், செருப்பைப் பார்ப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள். யாழில் பூட்டிய தந்தியை எவனும் அவிழ்த்துப் பார்த்ததில்லை.

அதை மேற்குச் சந்தையில் தந்தி முறுக்கும் அனோஷிடம் சேர்த்தேன். இனி கொடுக்க ஒன்றுமில்லை. குடித்த அமைச்சர்கள் உளறுவது முற்றத்துக்குக் கேட்காது. செய்தி நின்றால் வடக்கு எல்லைத் தளபதி என் தம்பி மிஹ்ரக்கைச் சும்மா விடமாட்டார். ஐந்து வருடமாக அவன் அந்தப் பாசறையில் 'விருந்தாளி'.

வந்தக்கின் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கி ஒடிக்க வேண்டும். கட்டைவிரலில் தொடங்க வேண்டும்.

இரண்டாம் மாதம், பதினேழாம் நாள்

மழையில் நின்று வாசித்தோம். தாளம் தவறிய தாளக்காரன் ஒருவனைக் காவலன் ஈட்டிக் கட்டையால் வாயிலேயே குத்தினான். பல்லைத் துப்பிவிட்டு அவன் மறுபடி தாளம் போட்டான்.

இங்கே மூத்தவன் முரசுக்கார லியு. என்னைக் கண்டதும் இளித்தான்.

"வாங்க, பாரசீகப் பிரபு. உக்கார மெத்தை போடட்டுமா?"

"உன் வேலையைப் பார்."

"என் வேலைய மழை பாத்துக்குது. இந்தாங்க." மெழுகு தடவிய மழைப் போர்வை ஒன்றை என்மீது எறிந்தான். "யாரு குடுத்தான்னு கேக்காதீங்க. போத்திக்கிட்டு நில்லுங்க."

கேட்கவில்லை. பிச்சை யார் போட்டால் என்ன.

இரண்டாம் மாதம், இருபதாம் நாள்

வெறும் கையோடு போனேன். அனோஷ் கடையில் தளபதியின் ஆள் காத்திருந்தான். நாங்கள் வடக்கத்தியான் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கண் பாதி மூடியே இருக்கும்.

"செய்தி எங்கய்யா?"

"என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்."

"அது உன் பாடு. அவரு காத்திருக்க மாட்டாரு."

மூன்றாம் மாதம், பத்தாம் நாள்

அனோஷ் கடையில் ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே உப்பு. உப்புக்குள் காது.

மடலில் பழைய வெட்டு இருந்தது. மிஹ்ரக்குக்கு ஆறு வயதில், அப்பாவின் யாழைத் தொட்டான் என்று நான் மீட்டுகோலை வீசியெறிந்தபோது பட்ட வெட்டு.

வடக்கத்தியான் வாசலில் நின்று முலாம்பழ விதை கொறித்துக்கொண்டிருந்தான். "இன்னொரு காதும் இருக்கு. மூக்கு இருக்கு. இன்னும் பத்து நாள்."

மூன்றாம் மாதம், பதினொன்றாம் நாள்

மண்டபத்தில் ஓர் இடம் காலியாக வேண்டும். எந்த இடம் என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை.

மூன்றாம் மாதம், பதினைந்தாம் நாள்

முறுக்கி முடித்தேன். வாசல் காவலர்களின் எண்ணிக்கையைச் சமர்கந்து எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்த எழுத்தை வந்தக்கே எனக்குக் கற்றுக்கொடுத்தான், நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

நாளை விருந்து. யாழ்களை மண்டபத்துக்குள் சுமந்து வைப்பது முற்றத்து ஆட்களின் வேலை. யாழ்க்குழு உள்ளே சாப்பிடும் நேரத்தில் வந்தக்கின் யாழில் நான்காவது தந்தியை மாற்ற வேண்டும். அவன் ஒரு முறை மீட்டினால் கண்டுபிடித்துவிடுவான். அதற்குள் நான் துப்புக் கொடுத்த காவல் தலைவர் வந்துவிட வேண்டும்.

 

மூன்றாம் மாதம், பதினாறாம் நாள்

அறுபது அடி.

தந்திக்குள் கீற்றைக் கண்டதும் வந்தக்கை முற்றத்தின் நடுவில், எங்களுக்கு முன்னால் குப்புறப் படுக்க வைத்தார்கள். மேல்மாடத்தில் அரண்மனைப் பெண்கள் இருந்தார்கள். அலறல் அவர்கள் காதில் விழக் கூடாதென்று எங்களைக் குதிரைப்படை மெட்டை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். என் நான்காவது தந்தி இன்று நன்றாகவே பாடியது.

பத்தாவது அடியில் துணி கிழிந்தது. இருபதில் தோல் இல்லை. முப்பதுக்குமேல் கட்டை விழும் சத்தம் மாறியது, ஈரச் சேற்றை மிதிப்பதுபோல. லியு அந்தச் சத்தத்தை மூட முரசை அடித்துக்கொண்டே இருந்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு. நாற்பதில் வந்தக் செத்துவிட்டான். மீதி இருபதையும் எண்ணி அடித்தார்கள்.

அடிக்க இழுத்து வந்தபோது அவன் என் முன்னால் ஒரு கணம் நின்றான். மறுப்பான், என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னான்:

"விடுப்பு நாள்ல மட்டும் உன் நாலாவது தந்தி சாகுது, பீரான். எனக்குக் கேட்டா இன்னொருத்தனுக்குக் கேக்காதா? மாத்திக்கோ."

மூன்றாம் மாதம், பதினேழாம் நாள்

வந்தக்கின் இருக்கை எனக்கு. யாழ்க்குழுவின் தலைமையும் எனக்கே. காட்டிக்கொடுத்தவனுக்குப் பரிசு.

சாமான்களை எடுக்க முற்றத்துக்குப் போனேன். லியு முரசுத் தோலில் இருந்த ரத்தத் துளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகம் பார்க்கவில்லை.

"அந்தப் போர்வைய வெச்சுட்டுப் போங்க."

"யார் கொடுத்தது?"

"செத்தவருதான். 'பீரான ஒரு வருஷம் இங்கயே வெச்சுக்க. உள்ள இருந்தா அவன் தலை போயிடும். ஏன்னு கேக்காத'ன்னாரு. நானும் கேக்கல." துணியைப் பிழிந்தான். தண்ணீர் சிவப்பாக ஓடியது. "கேட்டிருக்கணும்."

தெரிந்திருந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே என்னைத் தள்ளினான், உயிரோடு இருக்கட்டும் என்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? ஒட்டகக்காரன் மகன் பேச்சை நான் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டேன்?

போர்வையை வைக்கவில்லை. எடுத்து வந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம், இருபதாம் நாள்

அனோஷ் கடை. அண்டாவில் தந்திக்குப் பூசும் பசை கொதித்துக்கொண்டிருந்தது. நான் தந்தியை நீட்டினேன். வடக்கத்தியான் வாங்கிக்கொண்டான்.

"பாத்தியா, ஒரு காது போனா எவ்வளவு சுறுசுறுப்பு வருது."

"தம்பி எழுதிய ஒரு வரி வேண்டும். அடுத்த முறை கொண்டு வா."

அவன் சிரித்தான். அனோஷ் கிளறுவதை நிறுத்தினாள்.

"அவரு எப்படிண்ணே எழுதுவாரு? பனிக்காலத்துலயே தப்பி ஓடப் பாத்து செத்துட்டாரு. உடம்ப உப்புல போட்டு வெச்சிருக்காங்க, வேணுங்கிறப்ப வெட்டி அனுப்ப. இவன் குடிச்சிட்டு நேத்துதான் உளறினான்."

எங்கள் வழக்கப்படி உடலைக் கழுகுகளுக்குக்கூடக் கொடுக்காமல். ஊறுகாய்போல.

வடக்கத்தியான் கத்தியை உருவும்முன் அவன் பின்கழுத்தைப் பிடித்துப் பசையில் முகத்தை அழுத்தினேன். அனோஷ் கால்களைப் பிடித்துக்கொண்டாள். உதைத்தான். பிறகு உதைக்கவில்லை. என் கை முழங்கைவரை வெந்துவிட்டது. தந்தியை அடுப்பில் போட்டேன்.

அவள் கடையைப் பூட்டிவிட்டு ஒரு வணிகக் கூட்டத்தோடு மேற்கே போய்விட்டாள். எனக்கு யாரும் இல்லை. இனி என்னிடமிருந்து வெட்டி எடுக்கவும் யாரும் இல்லை.

நான்காம் மாதம், இரண்டாம் நாள்

கையில் தோல் உரிகிறது. மீட்ட முடிகிறது.

ஐந்தாம் மாதம், பத்தாம் நாள்

விடுப்பு நாள். புறப்படுமுன் குழுவை வாசித்துக் காட்டச் சொன்னேன்.

குச்சா நாட்டுப் புண்யசேனன் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. மனைவியும் இரண்டு பெண்களும் வடக்கே, எல்லைப் பாசறைக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சேர்ந்த அன்றே சொன்னான். நன்றாக வாசிப்பவன். இன்று மூன்று தந்திகள் பாடின. நான்காவது பாடவில்லை.

காவல் தலைவர் தூணோரம் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இசைக் காது இல்லை. ஆனால் விருந்துக்கு வருபவர்களில் யாருக்காவது இருக்கும்.

உள்ளே விட்டால் இவன் முதுகு கிழியும். வெளியே அனுப்பினால் ஒரு பெட்டி வரும். யாருடைய காது என்று அவனுக்குப் பார்த்ததுமே தெரியும். இந்தக் கணக்கை வந்தக் எத்தனை இரவு போட்டிருப்பான்?

கையைத் தூக்கினேன்.

"நாலாவது தந்தி செத்துக் கெடக்கு. முத்தத்துல நிக்கட்டும்."

புண்யசேனன் எழுந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களைத்தான் பார்த்தான், ஒவ்வொன்றாக.

மதியம் மேகம் கறுத்தது. மழைப் போர்வையை லியுவிடம் கொடுத்தனுப்பினேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.