கரையில் வைத்த படகு

கியோத்தோ

என் வீட்டுக்காரருக்குச் சுதே எழுதுவது. இந்தப் பனியில் உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று ஒரு வேடிக்கை. தேநீர் விருந்துக்காகக் கறுப்புத் தட்டில் கல்லை மலையாக நிறுத்தி, வெள்ளை மணலில் இறகால் அமைதியான கடல் வரையச் சொன்னார் என் எஜமானி ஹிசானோ அம்மா. நான் இறகைத் தொட்டாலே அலைகள் சீறின. மூன்று முறை கலைத்துவிட்டேன்.

“வர்றவங்க டீ குடிக்க வர்றாங்க சுதே, மூழ்குறதுக்கு இல்ல” என்றார்.

பிறகு நகத்தளவு வெண்கலப் படகொன்றைக் கடல் நடுவே வைத்தார். அவர் திரும்பியதும் அதை எடுத்துக் கரையில் வைத்துவிட்டேன். விருந்தாளிகள் வந்தபின்தான் கவனித்தார்.

“படகு ஏன்டி கரையில கெடக்கு?”

“இந்தக் காத்துல யாரும்மா கடலுக்குப் போவாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

தட்டில் மலையாக நிறுத்த, நம் கரையிலிருந்து அடிப்பக்கம் தட்டையான கல் ஒன்று அனுப்புங்கள். கழுவ வேண்டாம், உப்போடு இருக்கட்டும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். இது உங்கள் கைக்கு வர நான்கு நாளாகுமாம். தெரிந்தும் எழுதுகிறேன்: அதுவரை மட்டும் படகை இறக்காதீர்கள்.