தலைப்பிரசவத்துக்கு அறுத்த விறகு

கோம்பை
ஆவணி மாதம், 1936

அருமை மகள் பவுனுத்தாயிக்கு உன் அய்யா பேச்சிமுத்து எழுதிக்கொண்டது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கன நானும் உன் ஆத்தாளும் எழுந்து நடமாடுறோம். அங்கன கண்டிச் சீமைக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயித்துப் பிள்ளையும் சுகமாக இருக்கீகளா என்று அறிய ஆசை. தலைப்பிரசவத்தை எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கிடலாம்னு மாப்பிள்ளை சொல்றாக என்று நீ எழுதியிருந்ததை உன் ஆத்தாளுக்கு வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா.

ஆடிக் காத்தில் நம்ம கிணத்தடிப் புளியமரம் வேரோட சாய்ஞ்சுபோச்சு தாயி. ஒரு வியாபாரி கேட்டு வந்தான், கொடுத்துடலாம்னுதான் இருந்தேன், உன் ஆத்தா விடலை. புளிய விறகு நின்னு எரியும், பவுனு வந்தா பிள்ளை பெத்த உடம்புக்கு வேளா வேளைக்கு வெந்நீர் வேணும், இப்பவே அறுத்துப் போட்டாத்தான் தைக்குள்ள காயும்னா. அவ வருவாளோ என்னமோன்னு நான் வாயெடுத்ததுக்கு, கோடாலியை எடுத்து என் முன்னால போட்டா. கோடாலி தூக்க என் தோள்பட்டை இடங்கொடுக்கலை. மரம் அறுக்கிறவுக எல்லாம் மேகமலைக்கு வேலைக்குப் போயிட்டாக. சரி, ஒரு ரம்பம் வாங்கிடுவோம்னு ரெண்டு பேரும் வண்டி கட்டிச் சின்னமனூர் போனோம்.

இரும்புக்கடை வைகுண்டராஜ் அண்ணாச்சி ரெண்டு ரம்பம் எடுத்துப் போட்டாக. ஒண்ணு ஒத்தை ஆள் பிடிக்கிறது, கட்டையானது. இன்னொண்ணு ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச நீள ரம்பம். பச்சை மரத்துக்குப் பல்லு பெருசா, இடைவெளி விட்டு இருக்கணும், இல்லாட்டி தூள் அடைச்சுக்கிடும்னு சொன்னாக. தகட்டை வளைச்சு விட்டா கோணாம நேரா நிமிருதான்னும் பார்க்கச் சொன்னாக. மறுமுனை பிடிக்க வீட்டில் ஆள் ஏதுன்னு நான் சின்னதை எடுத்தேன். உன் ஆத்தா அதைப் பிடுங்கி வச்சிட்டு, ஏன், எனக்குக் கையில்லையான்னு கேட்டா. அண்ணாச்சி சிரிச்சிட்டாக.

அடிமரம் பாதி அறுபட்டதும் ரம்பத்தைக் கவ்விக்கிடுச்சு. ஆப்பு வச்சு அடிச்சேன், மரம் புரண்டு உன் ஆத்தா கால்மேல ஏறிடுச்சு. பதறாதே, எலும்பு முறியலைன்னு வைத்தியர் பார்த்துச் சொல்லிட்டாரு, இப்ப நல்லா நடக்கிறா. ஆனா அன்னைக்கு அவ முகம் வெளுத்துக் கிடந்துச்சு. இந்த விறகே வேண்டாம்னு ரம்பத்தை வீசி எறிஞ்சேன். அவ படுத்தபடியே பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிட்டா. கட்டிலைக் கிணத்தடியிலேயே போடவச்சு, தள்ளாதீக, இழுக்க மட்டும் செய்யுங்கன்னு எங்களை ஒரே அதட்டல். ஒருவழியா அறுத்துப் பிளந்து தொழுவத்தில் அடுக்கியாச்சு.

போன வாரம் விடாத மழை. அடுப்புக்குக் காய்ஞ்ச விறகு இல்லை, அந்த அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவினேன். உன் ஆத்தா அதை வாங்கித் திரும்ப வச்சிட்டு, ஈரப் பருத்திமார்க் குச்சியைத்தான் ஊதி ஊதி எரிச்சா.

தேயிலைச் சரிவில் பார்த்து நட, ஈரத்தில் நிக்காதே. மாப்பிள்ளைகிட்டே நான் கேட்டதாகச் சொல்லு. கப்பல் என்னைக்குன்னு தெரிஞ்சா தனுஷ்கோடிக்கே வந்து காத்திருப்பேன். வர முடியாதுன்னா அதையும் மறைக்காம எனக்கு எழுது தாயி, உன் ஆத்தாகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு நான் யோசிக்கணும்.

பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு இருக்கணும்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் அய்யா,
பேச்சிமுத்து