நான் எடுக்கச் சொன்ன இரண்டு பக்கங்கள்

5ஆம் தேதி, காலை

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் தினமும் நடக்கச் சொல்கிறார். வலி தெரியாதவர் அப்படித்தான் சொல்வார் என்கிறாள் அம்மா. அண்ணன் புது வேலையில் ஒட்டிக்கொண்டாரா? அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். காதை மூடாமல் வெளியே போகாதீர்கள்.

நாத்தனார் கடிதம் எழுதினால் அதில் அண்ணி மேல் ஒரு குறையாவது இருக்க வேண்டும். இந்தத் தடவை குறை முழுக்க என் பக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் சேர்ந்து எழுதிய கப்பல் கதையின் நான்காம் பதிப்பில் கடைசி இரண்டு பக்கங்கள் இல்லை. எடுக்கச் சொன்னது நான்தான்.

உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எனக்கே எல்லாவற்றையும் ஒரு தடவை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன் நம் துறைமுக வாயிலில் ஒரு பயணிகள் கப்பல் பாறையில் மோதி உடைந்தது, நாற்பத்தொரு பேர் இறந்தார்கள், அன்று கலங்கரை விளக்கம் எரியவில்லை. இவையெல்லாம் நீங்கள் துறைமுக ஆவண அறையில் தும்மித் தும்மிக் கண்டுபிடித்தவை. விளக்கைப் பார்த்துக்கொண்டவர் கடத்தல்காரர்களோடு கைகோத்து வேண்டுமென்றே அதை அணைத்தார் என்பது நான் சோஃபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கண்டுபிடித்தது. அந்த மனிதரின் நிஜப் பெயரையாவது மாற்று என்று நீங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டீர்கள். அந்தப் பெயருக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது, மாற்றினால் கதை சப்பென்று ஆகிவிடும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒரு ஒப்பந்தத்தோடு வந்தீர்கள். எது நடந்தது, எது நாம் இட்டுக்கட்டியது என்று கடைசி இரண்டு பக்கத்தில் பட்டவர்த்தனமாக எழுத வேண்டும், அது இல்லாமல் ஒரு பிரதிகூட வெளியே போகக் கூடாது. மூன்று பதிப்புகள் அப்படியேதான் வந்தன.

நான்காம் பதிப்புக்கு எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினார்கள். அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அடிப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். புத்தகம் முந்நூற்றிருபத்திரண்டு பக்கத்தில் வந்து நின்றது. அச்சக மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ரெண்டு பக்கம் இடிக்குதுக்கா. கடைசியில ஏதோ குறிப்பு மாதிரி இருக்கே, அது கண்டிப்பா வேணுமா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் கேட்டால் வேண்டும் என்பீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து உங்கள் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்ட உதவி செய்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறாளாம். கையில் நம் புத்தகத்தின் நான்காம் பதிப்பு. அந்த விளக்குக்காரர் அவளுடைய அப்பாவின் தாத்தா.

அண்ணி, அவள் சண்டைக்கு வந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். கப்பல் உடைந்த நூறாம் வருடத்துக்காகத் துறைமுகத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கப் போகிறார்களாம். இறந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே, விளக்குக்காரரின் துரோகத்தால் நேர்ந்த விபத்து என்று அவர் பெயரோடு பொறிக்க முடிவாகியிருக்கிறதாம். கவுண்டரில் கூட வேலை பார்க்கிறவர்கள் இப்போதே அவளைப் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதே என்று கிண்டல் செய்கிறார்களாம். எண்பது வயது அப்பா சாயங்கால நடையை நிறுத்திவிட்டாராம். கடைசியில் அவள் கேட்டது இதுதான்:

"இது உங்களுக்கு எந்த ரெக்கார்டுல கெடச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். அந்தக் காகிதத்த ஒரு தடவ கண்ணால பாத்துட்டா, நாங்களும் ஒத்துக்கிட்டுப் பேசாம இருந்துடறோம்."

அடுத்த வாரம் வியாழக்கிழமை வாருங்கள், சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கோழை மாதிரி நடந்துகொண்டேன். அவள் போன பிறகு வெட்கத்தில் அழுதேன்.

அழுது முடித்துவிட்டேன். அந்த வரி கல்லில் ஏறக் கூடாது. விழாக்குழு 20ஆம் தேதி கூடி வாசகத்தை முடிவு செய்கிறது. நீங்கள் படியெடுத்து, அலுவலக முத்திரை வாங்கி வைத்திருந்தீர்களே, விசாரணைக் கோப்பின் கடைசித் தாள், அது எனக்கு வேண்டும். மூலக் கோப்பு ஆவண அறைக் கூரை ஒழுகியதில் கூழாகிவிட்டது. உலகத்தில் இப்போது அந்தத் தாள் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. என் மேல் கோபம் இருக்கும். கோபத்தோடேயே அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்


13ஆம் தேதி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கலாம். அல்லது நீங்கள் தாமதமாக இருக்கலாம். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நீக்கிய இரண்டு பக்கங்களைத் தனித்தாளாக அச்சடித்து எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போகிறேன். விற்காமல் இருக்கும் பிரதி ஒவ்வொன்றிலும் நானே பசை தடவி ஒட்டுகிறேன். இதுவரை ஏழு கடை, இரண்டு நூலகம். ஒரு கடைக்காரர், எழுதுகிறவர்களுக்கு இப்போது இப்படி வேலையெல்லாம் வந்துவிட்டதா என்று அனுதாபப்பட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

விழாக்குழுச் செயலாளரைப் பார்த்தேன். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். நம் புத்தகத்தை வரி வரியாக அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். துரோகம் என்பது நான் கட்டிவிட்டது என்று சொன்னேன். சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார். சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகு புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அன்றைய அலை ஏறிய நேரம், கப்பலின் எடை, மாலுமித் தலைவர் வளர்த்த நாயின் நிறம் எல்லாவற்றையும் அவர் வேறு பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்.

"இத்தனையும் அச்சுப் பிசகாம சரியா இருக்கு. இது ஒண்ணு மட்டும் எப்படிம்மா பொய்யா இருக்கும்?"

கேட்டீர்களா அண்ணி? நீங்கள் அந்த நாயின் நிறத்துக்காக இரண்டு வாரம் அலைந்தீர்கள். அந்த நாய்தான் இப்போது என் பொய்க்குக் காவல் நிற்கிறது. நீங்கள் உண்மையைச் சேர்க்கச் சேர்க்க என் கற்பனைக்கு உயிர் வருகிறது என்று நான் பெருமை பீற்றிக்கொண்டது எவ்வளவு சரி என்று அந்த அறையில் உட்கார்ந்து உணர்ந்தேன். கூசியது.

பிறகு அவர் ஒரு வழி சொன்னார். கல்லில் ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும், வந்து பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அவர் துரோகி இல்லையென்றால் வேறு என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள், அதைப் போட்டுவிடுகிறோம் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

என் புத்தி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பேருந்தில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது நிறுத்தத்தில் அந்த மனிதர் கையில் துடுப்பு வந்துவிட்டது. ஐந்தாவது நிறுத்தத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கிவிட்டார். கப்பல் வருமுன்பே கவிழ்ந்த ஒரு மீன்படகின் ஆட்களை மீட்கப் போனதால்தான் விளக்கு கவனிப்பாரற்று அணைந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவாமல் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல நாலு பக்கம் அதுதான், சந்தேகமே இல்லை.

நேற்று வியாழக்கிழமை. அந்தப் பெண் வந்தாள். நாலு பக்கமும் மேசை மேல் கிடந்தது. எடுத்து நீட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அப்பா மறுநாளே நடக்கக் கிளம்பியிருப்பார், கல்லில் ஒரு வீரனின் பெயர் ஏறியிருக்கும், எனக்கும் நல்ல பெயர். அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினேன். எந்தக் காகிதமும் கிடையாது, அவரை அப்படி ஆக்கியது நான், அது பொய் என்று சொன்ன இரண்டு பக்கத்தை நீக்கச் சொன்னதும் நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, அப்படியென்றால் விளக்கு ஏன் அணைந்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவர் தப்பே செய்யவில்லை என்று சொல்ல முடியுமா என்றாள். அதுவும் தெரியாது என்றேன். அண்ணி, இத்தனை வருடம் எழுதியதில் இவ்வளவு கஷ்டமான வார்த்தை எதையும் நான் சொன்னதில்லை. அவள் எழுந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலில் நின்று, "இதையே இருபதாந்தேதி எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்வேன் என்றேன்.

சொல்லத்தான் போகிறேன். என் வாய்ச்சொல்லை அவர்கள் நம்ப மாட்டார்கள், அதுதான் சங்கடம். பொய்யை நம்பினார்கள், உண்மைக்கு ஆதாரம் கேட்கிறார்கள். அந்தத் தாளை அனுப்புங்கள். உங்கள் பெயரும் அட்டையில் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று முதலில் அதைத்தான் சொல்வேன். அங்கே உங்கள் பெயருக்கு இதனால் ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்


21ஆம் தேதி, மத்தியானம்

அன்புள்ள அண்ணிக்கு,

உறை 18ஆம் தேதி வந்தது. முத்திரையோடு தாள் இருந்தது. கூட ஒரு வரிகூட இல்லை. உறையைக் கிழித்து உள்ளேயும் பார்த்தேன். பரவாயில்லை, கேட்டதை அனுப்பிவிட்டீர்கள்.

நேற்றுக் கூட்டம். துறைமுக அலுவலகத்து நீளமான அறை, இருபது பேர் இருப்பார்கள். அந்தப் பெண் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். முதலில் நான் நீக்கிய இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தேன். பின்வரிசையில் ஒருவர், புத்தகம் விற்க இது புது வழியா என்றார். நான்காம் பதிப்பை இனி அச்சிடவே போவதில்லை என்றேன். அடங்கிவிட்டார்.

அப்புறம் உங்கள் தாளைப் படித்தேன். உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். விளக்கு அணைந்ததற்கான காரணம் கண்டறியப்படவில்லை, விளக்குக் காவலர் மீது குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. அவ்வளவுதான், இரண்டே வாக்கியம். செயலாளர் தாளை வாங்கி முத்திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது அந்தப் பெரியவர், இன்னொரு தடவை படிக்க முடியுமா என்று கேட்டார். படித்தேன். மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவையும் படித்தேன். அவர் அழவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

காரணம் இல்லாமல் கல் மொட்டையாக இருக்குமே, அந்த வரியையே விட்டுவிடலாமா என்று செயலாளர் கேட்டார். அந்தப் பெண்தான் எழுந்தாள்.

"விடாதீங்க சார். வெளக்கு எரியல, ஏன்னு தெரியலன்னே போடுங்க. வெத்தா விட்டா நாளைக்கு வேற யாராவது வந்து ஒரு கதய எழுதிடுவாங்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியே முடிவாயிற்று. கூட்டம் கலைந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போக வேண்டும், நேரமாகிறது என்றாள். மன்னித்தாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளவும் போவதில்லை.

ஐந்தாம் பதிப்பு வருகிறது. அவர் பெயரை மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னபோதே மாற்றியிருக்க வேண்டும். அந்த இரண்டு பக்கத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். அதில் முதல் வாக்கியம், முந்தைய பதிப்பில் இதை நீக்கியது நான், என் அண்ணிக்கு அது தெரியாது என்பது. ப்ரூஃப் இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன். எத்தனை மாதமானாலும் அச்சகம் காத்திருக்கட்டும், சொல்லிவிட்டேன்.

தேதிகளைச் சரிபாருங்கள். எண்ணிக்கையைச் சரிபாருங்கள். தப்பு இருந்தால் அடியுங்கள். தப்பு ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஓரத்தில் எதையாவது கிறுக்கி அனுப்புங்கள் அண்ணி. உங்கள் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகத் தினமும் தபால்காரரை வழிமறிக்கும்
நாத்தனார்