ஐந்து வாட் போதும்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். என் கடைக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு கிட்டார்க்காரர் உங்கள் முகவரியைக் கொடுத்தார். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரை நீங்கள் கையாலேயே செய்து தருவீர்கள், ஸ்பீக்கர் பெட்டியை உங்கள் அண்ணன் செய்வார் என்றார். எனக்கு அப்படி ஒன்று வேண்டும். எனக்கு என்றால் எனக்கில்லை, என் மனைவிக்கு.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் ஒரு இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவள். மகள் பிறந்தபிறகு விட்டுவிட்டாள். பழைய ஆம்ப் ஒருநாள் புகைந்து அடங்கிப் போனது. கிட்டார் மட்டும் பீரோவுக்கு மேலே பெட்டிக்குள் கிடக்கிறது. இப்போது மகள் படிக்க விடுதிக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் ஜாடியைத்தான் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. அவள் மறுபடி வாசித்தால் வீடு வீடாக இருக்கும் என்று தோன்றுகிறது.

நல்ல பெரியதாக, நூறு வாட்டில் செய்யுங்கள். அவளுக்கு இது தெரியக்கூடாது. என் போன் அவள் கையிலும் புழங்கும் என்பதால்தான் கடிதம் எழுதுகிறேன். பதிலைக் கடை முகவரிக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரன்


பிப்ரவரி 13

சார்,

கடிதம் எனக்கும் வசதிதான். வேலை நேரத்தில் போனைத் தொடமாட்டேன். ஆம்புக்குள் கை இருக்கும்போது மணியடித்து நான் திடுக்கிட்டால், உள்ளே இருக்கும் மின்சாரம் பரவாயில்லை என்று விட்டுவிடாது.

நூறு வாட் வேண்டாம் சார். அதை ஒரு வீட்டுக்குள் முடுக்கினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். ஐந்து வாட் போதும். ஐந்து என்றதும் படுக்கையறை விளக்கு மாதிரி நினைக்காதீர்கள். தூங்குகிற குழந்தையை எழுப்ப அது தாராளம். வால்வு ஆம்பைக் கொஞ்சம் முடுக்கினால்தான் அதன் சொந்தக் குரல் வெளியே வரும். நூறு வாட்டை வாங்கி வாயைப் பொத்தி வைப்பதில் என்ன லாபம்?

சில விஷயம் தெரியவேண்டும். உங்கள் மனைவி விரலால் வாசிப்பார்களா, பிக் என்கிற சின்ன வில்லையைப் பிடித்தா? கை கனமா, லேசா? கம்பி எவ்வளவு தடிமன்? சத்தம் தெளிவாக மணி மாதிரி இருக்கவேண்டுமா, ஓரம் கொஞ்சம் கரகரவென்று கிழியவேண்டுமா? எந்த அறையில் வைப்பீர்கள்? உங்கள் கடையில் நீங்களும் "இதுல நல்லா தெரியுதா, அதுலயா" என்று கேட்காமல் கண்ணாடி போட்டுவிடமாட்டீர்களே.

அண்ணன் பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கருக்குத்தான் பெட்டி அடிப்பாராம். பத்து போதும் என்கிறேன் நான். எங்கள் பட்டறையில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

இப்படிக்கு,
ஆம்ப் செய்பவள்


பிப்ரவரி 24

மேடம்,

உங்கள் கேள்விகளைப் படித்து வேர்த்துவிட்டது. அவள் கண்ணாடியின் பவரைக் கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். நீங்கள் கேட்டதில் ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

துப்பறியப் புறப்பட்டேன். டிவியில் யாரோ கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன்.

"இவர் நல்லா வாசிக்கிறாரா?"

"ம்."

"சத்தம் தெளிவா இருந்தா நல்லாவா, கரகரன்னு இருந்தா நல்லாவா?"

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்றாள். அத்தோடு விட்டேன்.

போன வாரம் அவள் வேலைக்குப் போனதும் ஸ்டூல் போட்டுப் பெட்டியை இறக்கினேன். தூசி தட்டத் துணியோடுதான் ஏறினேன், தூசியே இல்லை. லென்ஸ் தடிமன் அளக்கும் கருவியால் கம்பிகளை அளந்து தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல உசத்தியான கம்பி போலிருக்கிறது மேடம், இத்தனை வருஷம் கிடந்தும் புதுசு மாதிரி மின்னுகிறது. உள்ளே ஒரு பிக் இருந்தது. அதன் முனை ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது. ஆகவே பிக் வைத்துத்தான் வாசிப்பாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அறை, நடுஹால். எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரன்


மார்ச் 1

சார்,

எவ்வளவு உசத்தியான கம்பியும் அத்தனை வருஷம் மின்னாது. கறுத்திருக்கும், துரு ஏறியிருக்கும். நீங்கள் அளந்தது சமீபத்தில் மாற்றிய கம்பி. தூசி இல்லாததற்கும் அதுதான் காரணம்.

அவர்கள் வாசிக்கிறார்கள் சார்.

சொல்லலாமா என்று அண்ணனைக் கேட்டேன். "நீ டிரான்ஸ்ஃபார்மர் சுத்துற வேலையைப் பாரு" என்றார். மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

ஆம்ப் செய்பவள்


மார்ச் 12

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் அலைந்தேன். வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். என்னிடம் சாவி உண்டு. கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தைக் கிட்டாரின் மேல்விளிம்பில் அழுத்தி வைத்திருந்தாள். ஆம்ப் இல்லாமல் அந்தக் கிட்டார் அவ்வளவு மெதுவாகத்தான் ஒலிக்கும் போலிருக்கிறது. மரம் வழியாகக் கேட்கிறாள். எனக்குக் கேட்டதெல்லாம் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அவள் தோளும் தலையும் ஆடிய ஆட்டத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. எங்கோ தப்பு விட்டாள் போல. "ச்சே" என்று சிரித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டிலிருந்து திருடன் மாதிரி வெளியே வந்தேன்.

யார் அவளுக்குத் தடை சொன்னார்கள்? ஊருக்கெல்லாம் வாசித்தவள், எனக்குக் கேட்டுவிடக்கூடாது என்று கன்னத்தை வைத்து வாசிக்கிறாளே.  நீங்கள் வேலையைச் சீக்கிரம் முடித்து அனுப்புங்கள். நடுஹாலில் வைத்துவிடுகிறேன். அப்புறம் எப்படி ஒளித்து வாசிப்பாள் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரன்


மார்ச் 18

அண்ணா,

சார் என்று எழுதக் கை வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆம்ப் அநேகமாக முடிந்துவிட்டது, வால்வு ஏற்றவேண்டியதுதான் பாக்கி. ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்தபிறகு கை ஓடவில்லை.

முன்பு ஒருவர் தன் மகனுக்கென்று ஒன்று செய்து வாங்கினார். நானே அசந்துபோன ஆம்ப் அது. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கசிந்து ஸ்பீக்கர் துணியெல்லாம் ஊறிக் கிடக்கிறது. அப்படி ஒன்று வேண்டும் என்று பையன் கேட்கவே இல்லையாம். அப்பா வாங்கி வந்த அன்றைக்கே கிட்டாரை மூடி வைத்துவிட்டானாம்.

உங்களுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் அவர்கள் அப்படி வாசிக்கிறார்கள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். என்ன காரணமோ எனக்கும் தெரியாது. கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் இது வேறு யாருக்காவது போய்ச் சேரும், எங்களுக்கு வருத்தமில்லை.

தங்கை


மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

கேட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவளை உட்காரச் சொல்லி, உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பெட்டியைத் திறந்தீங்களா?" என்றாள். அதுதான் முதலில் வந்தது. முகம் சிவந்துவிட்டது.  அப்புறம் சொன்னாள்.

"மேடையில இருந்தப்போ யார் யாரோ சீட்டு அனுப்புவாங்க. இந்தப் பாட்டு வாசி, அந்தப் பாட்டு வாசின்னு. எனக்குன்னு ஒண்ணு வாசிச்சதே இல்லை. இப்பத்தான் வாசிக்கிறேன்."

"நான் சீட்டு அனுப்ப மாட்டேனே."

"நீங்க எதிர்ல உக்காந்தா உங்க முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசிப்பேன். உங்களுக்குப் பிடிக்குதான்னு. அப்புறம் அது எதுக்கு?"

 என்னால் கோபப்பட முடியவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் என்னைப் பற்றியே பேசவில்லை என்று புரிந்தது. பாத்திரங்களைத் தேய்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்: "எத்தனை வாட்?"

"ஐந்து."

"சரியாச் சொல்லியிருக்காங்க. ஸ்பீக்கர் பத்து இன்ச் போடச் சொல்லுங்க. பன்னிரண்டு வேண்டாம், வீங்கின மாதிரி இருக்கும். பெட்டிக்குப் பின்பக்கம் திறந்திருக்கட்டும். சத்தம் ஓரத்துல லேசாக் கிழியணும். முழுசா வேண்டாம்." படியிறங்கிப் போனவள் திரும்பி வந்தாள். "படுக்கையறையிலதான் வைப்பேன். நீங்க இல்லாதப்பத்தான் வாசிப்பேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஆகவே வால்வை ஏற்றுங்கள்.

அண்ணன்


மே 10

அண்ணா,

ஆம்பும் பெட்டியும் நேற்று வண்டியேறிவிட்டன. பத்து இன்ச் என்று உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் எங்கள் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியை இழைத்து, மூலையெல்லாம் பல்போல் கோத்து, அடர்பச்சைத் துணி போர்த்திக் கொண்டுவந்து வைத்தார். "அந்தம்மாவுக்குக் காது இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

அண்ணியிடம் சொல்லுங்கள்: சுவிட்ச் போட்டதும் சத்தம் வராது, வால்வு சூடேறக் கொஞ்சம் பொறுக்கவேண்டும். ஆம்பின் மூடியைக் கழற்றக் கூடாது, அணைத்தபிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். நான் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும், பட்டறைக் கிட்டாரில் நடுக் கம்பி ஒன்றை ஒருமுறை மீட்டிவிட்டு அது அடங்குகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

தங்கை


ஜூலை 3

அன்புள்ள தங்கைக்கும் உங்கள் அண்ணனுக்கும்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத விஷயமில்லாமல்தான் இருந்தேன். வாக்குக் கொடுத்தபடி வியாழக்கிழமைகளில் நான் கடையை விட்டு நகரவில்லை. என்ன ஆச்சு, எப்படி இருக்கு என்று வாய் திறக்கவும் இல்லை. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியில் நிறுத்தி, "உங்க வீட்டம்மா பிரமாதமா வாசிக்கிறாங்களே சார்" என்றார். பால்காரர் சொன்னார். எதிர்வீட்டுப் பாப்பா சொன்னாள். தெருவே கேட்டுவிட்டது, என்னைத் தவிர. நானும் தெரிந்தவன் மாதிரி தலையாட்டி வைத்தேன்.

போன வியாழக்கிழமை கடைவாசலில் பள்ளம் தோண்டிவிட்டார்கள். கடையைத் திறக்கவே முடியவில்லை. எங்கே போவது? வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். உள்ளே வாசித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், கால் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. குப்பைக்கூடையோடு கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"கடைவாசல்ல பள்ளம்."

"அதுக்கு மாடிப்படியில உக்காரணுமா?"

 கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"உள்ள வாங்க. எதிர்ல உக்காராதீங்க."

கட்டிலின் மறுபக்கம், அவளுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவள் சுவிட்சைப் போட்டாள். நீங்கள் சொன்ன மாதிரி உடனே சத்தம் வரவில்லை. பின்னால் ஆம்பிலிருந்து மெதுவாக ஒரு முனகல் எழுந்தது, அப்புறம் வாசிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது தங்கச்சி, நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. சில இடத்தில் தப்பு விட்டாள், அதையே திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒரு இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடுவில் வாசிப்பை நிறுத்தினாள். போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து எழுந்திருக்கத் தயாரானேன்.

"அந்த ஜன்னலைச் சாத்துங்க," என்றாள். "நமக்குக் கேட்டாப் போதும்."

எழுந்து சாத்தினேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்