வாசிப்பறையில் ஒரு வாத்து

4 மே

என் அருமைத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மகள் பட்டாணியும் நலம். மூன்று வாரம் காட்டுக்குள் நில அளவை வேலை, அங்கே ஃபோனும் எடுக்காது, மாப்பிள்ளையும் லாரியோடு தொலைதூரம் என்றதும், பிள்ளையை என்னிடம் விட உனக்கு மனசு வந்ததே, அதுவே சந்தோஷம். சாமான் ஜீப்பில் தபால் வரும் என்றாய். அதை நம்பி எழுதுகிறேன்.

ஆறு வயசுப் பிள்ளை ஓயாமல் கண்ணைக் கொட்டுவதும், நிமிஷத்துக்கொரு தரம் "க்வாக்" என்பதும் நீ கொடுக்கும் செல்லம். நூலகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பெரிய மனுஷர்களையே வாயை மூட வைத்திருக்கிறேன். இந்தப் பொடிசு எனக்கு எம்மாத்திரம்? சத்தம் போடாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று சொல்லியிருக்கிறேன். முதல் நாளே ஐந்து வாங்கிவிட்டாள். நீ வருவதற்குள் சரியாகிவிடும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

9 மே

அன்புள்ள அக்காவுக்கு,

கூடாரத்தில், முட்டிமேல் வரைபடப் பலகையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பலகையைத் திட்டு.

ஸ்டிக்கர் வேண்டாம் அக்கா. டாக்டர் சொன்னதை, அவளை விட வந்த அன்றைக்கே சொல்ல ஆரம்பித்தேன், நீ பால் பொங்குகிறதென்று ஓடிவிட்டாய். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. தும்மலுக்கு முன்னால் வருகிற மாதிரி உள்ளே ஒரு குறுகுறுப்பு. கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் மொத்தமாக வரும். திட்டினாலும் கூடும், சுட்டிக்காட்டினாலும் கூடும். ஐந்து ஸ்டிக்கர் வாங்கிய அன்று சாயங்காலம் அவள் எங்கே இருந்தாள் என்று பார்த்தாயா? நானும் முதலில் தேன், வெந்நீர், அதட்டல் எல்லாம் கொடுத்துப் பார்த்தவள்தான்.

செல்லம் என்று எழுதியிருந்தாய். போன வருஷம் உன் மகன் கல்யாண வரவேற்பில், "வீடியோல சத்தம் விழுது, அவளைக் கொஞ்சம் வெளில கூட்டிட்டுப் போ" என்றாய். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நீ சொல்லவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மூன்று மணி நேரம் இருந்தோம். அங்கே நின்ற வண்டி நம்பரையெல்லாம் கூட்டிக் கூட்டி அவளுக்குக் கணக்கு நன்றாக வந்துவிட்டது. அந்த வகையில் உனக்கு நன்றி.

தங்கச்சி

15 மே

என் தங்கச்சிக்கு,

நீ கேட்டாய், அதனால் பார்த்தேன். சாயங்காலம் ஆனதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். அப்புறம் இருபது நிமிஷம் விடாமல் "க்வாக்". பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வாத்து வாங்கிட்டீங்களா? முட்டை போட்டா எனக்கும் ரெண்டு குடுங்க" என்றாள். ஸ்டிக்கரைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அத்தோடு என் புத்தி திருந்தவில்லை. திங்கட்கிழமை அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். தலையங்கத்தைத் தவிர வேறெதையும் படிக்காத ஒருவர் தினமும் வருவார். எங்களுக்கு அவர் தலையங்க சார். என் மேஜைக்கு வந்து, "மேடம், இங்க எங்கயோ வாத்து இருக்கு" என்றார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. "ஏ.சி. மிஷின் சார், பழசாயிடுச்சு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பட்டாணி என் நாற்காலிக்குப் பின்னால் படப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் போனதும், "பெரியம்மா, நான்தான் அந்த மிஷினா?" என்றாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தலையங்க சார் சும்மா இருப்பாரா? மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். மின்விசிறி கேட்டு நான் எழுதிய எட்டுக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இதற்கு மட்டும் இரண்டே நாளில் மெக்கானிக் ஏணியோடு வந்து நின்றார். மூடியைக் கழற்றினார், துடைத்தார், காதை வைத்துக் கேட்டார். "மிஷின் கல்லு மாதிரி இருக்கு மேடம்" என்று சொல்லி வாயை மூடவில்லை, "க்வாக்". "இதோ வருதே. உள்ள என்னமோ மாட்டியிருக்கு. மொத்தமா இறக்கிடலாம்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

திரும்பிப் பார்த்தேன். பட்டாணி அன்றைக்கும் அதே இடத்தில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து நின்றேன். "இறங்குங்க தம்பி. மிஷின்ல ஒண்ணுமில்ல, நான் சொன்னது பொய். இது என் தங்கச்சி பொண்ணு. தும்மல் மாதிரி அவளுக்கு அந்தச் சத்தம் தானா வரும். நிறுத்துன்னு யாரும் சொல்லக்கூடாது. இன்னிக்கு முழுக்க இங்கதான் இருப்பா" என்றேன். வாசிப்பறைக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அந்த அறையில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தரம்.

தலையங்க சார் கண்ணாடியைக் கழற்றினார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம். நான் மூணு பக்கம் எழுதினேன்" என்று குறைப்பட்டுக்கொண்டார். பட்டாணி கையை எடுத்தாள். அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் படித்தார்கள்.

நேற்று அந்த வரவேற்பு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. நீயும் இல்லை. என் ஒரே மகனின் கல்யாணத்தில் என் ஒரே தங்கச்சி இல்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. என்னை மன்னித்துக்கொள்.

இரண்டு நாளாகத் தோளையும் குலுக்குகிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

20 மே

அக்காவுக்கு,

ஜீப்காரர் அவசரப்படுத்துகிறார், அதனால் சுருக்கமாக. உன் கடிதத்தில் மெக்கானிக் வந்த இடத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது நான் வீடியோ வரைக்கும் படித்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துப் பாம்புதான் கடித்துவிட்டது என்று முதலுதவிப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

தோள் குலுக்குவது வரும், போகும். பயப்படாதே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வரும் சனிக்கிழமை உன் வாசலில் டாக்சியை நிறுத்தி, இறங்காமலே அவளை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன். இப்போது ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுப்பாதே. அவளை யார் முறைக்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே இரண்டு வருஷமாக எனக்கு அரைத் தூக்கம்தான். அன்றைக்கு ஒரு நாள் நீ பார்த்துக்கொள். நான் மத்தியானம் வரைக்கும் தூங்கப்போகிறேன்.

உன் தங்கச்சி